180 வைத்தால் 160-ல் நிற்கும் ஓவன்: சென்சாரை மாற்றுவதா, போர்டை மாற்றுவதா, ஓவனையே மாற்றுவதா?

போன நவம்பர் கடைசியில் திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தாள். வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுப்பவள். கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிகிற நேரம் அது. "டேய், நாலு கேக்கு குப்பைக்குப் போயிடுச்சுடா. அளவு அதேதான், டின்னும் அதேதான். மேல வெளுத்துக் கிடக்கு, நடுவுல குழி விழுந்திருக்கு, குத்திப் பாத்தா குச்சியில மாவு ஒட்டுது."

ஓவனுக்கு ஐந்து வயது. அலமாரிக்குள் பொருத்துகிற வகை, 60 லிட்டருக்குச் சற்று மேல், விரலால் தொட்டு டிகிரி வைக்கிற பேனல். நான் போய்ச் சேர்வதற்குள் அவளிடம் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். கேக் போடும் தோழிகள், "சென்சார் போயிருக்கும், வாங்கிப் போட்டுடு" என்றார்கள். அவளும் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கி, தெரு எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டும் பார்த்துவிட்டாள். ஒன்றும் மாறவில்லை. சர்வீஸுக்கு வந்தவர் பேனலை நாலு தட்டு தட்டிவிட்டு, "சென்சார் புதுசுங்கிறீங்க, அப்ப போர்டுதான் மேடம்" என்று, ஓவனை இயக்கும் அந்த மின்னணுப் பலகைக்கு 14,000 ரூபாய் சொல்லிவிட்டுப் போனார். அத்தான், "அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வந்துடும்" என்று கடைக்குப் போகக் கிளம்பிவிட்டார். அக்கா மட்டும், "200 வெச்சா 180 வருது, அப்படியே ஓட்டிடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த நாலில் எது சரி என்று கேட்டால், நாலுமே ஏதோ ஒரு கோளாறுக்குச் சரியானவைதான். நம் ஓவனுக்கு வந்திருப்பது எந்தக் கோளாறு என்று தெரியாமல் விலையை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால்தான் காசு போகிறது. மலிவானதிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம் என்பது கேட்க நியாயமாக இருக்கும். அக்காவின் ஆயிரம் ரூபாய் போனது அந்த நியாயத்தில்தான்.

முதலில், குற்றவாளி சென்சார் பக்கம்தானா?

ஓவனுக்குள் தொங்கவிடுகிற டயல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை நடுத்தட்டில் வைத்து, 180-ல் போட்டு, கதவைத் திறக்காமல் அரை மணி நேரம் விடவேண்டும். ஓவன் ஒரே சூட்டில் நிற்கிற பண்டம் இல்லை. காயில் (சூடேற்றும் கம்பி) எரியும், சூடு ஏறும், ரிலே (காயிலுக்கு மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) 'டக்' என்று விடும், சூடு இறங்கும், மறுபடி எரியும். நல்ல ஓவனிலேயே இந்த ஏற்ற இறக்கம் பத்து டிகிரிக்கு மேல் இருக்கும். அதனால் ஒரு தடவை எட்டிப் பார்த்து "170 காட்டுது, போச்சு" என்று முடிவு கட்டக் கூடாது. நாலைந்து சுற்று ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் உச்சத்தையும் அடியையும் குறித்து, அதன் நடுவை எடுங்கள்.

காய்ச்சல் பார்க்கிற மாதிரி துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் சிலரிடம் இருக்கும். அதைப் பளபளப்பான ஸ்டீல் சுவரிலோ அலுமினிய டிரேயிலோ காட்டினால் கண்டபடி குறைத்துச் சொல்லும், பளபளப்பு அதை ஏமாற்றிவிடும். பழகிக் கறுத்த இரும்புத் தோசைக்கல்லை உள்ளே வைத்து, அரை மணி நேரம் கழித்து அதன் மேல் காட்டுங்கள். கறுத்த இரும்பு பொய் சொல்லாது. அக்கா வீட்டில் இரண்டையும் செய்தோம். டயலின் நடுக்கணக்கு 160, தோசைக்கல் 162.

சூடு குறைகிறது என்றவுடன் சென்சார் மேல் பாய்வதற்கு முன், வேறு மூன்று ஆட்களையும் விசாரித்துவிடுவது நல்லது. ஒன்று, லோ வோல்டேஜ். காயிலின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குப் பதிலாக மாலையில் 200 வருகிற தெருவில், சூடு 13 சதவீதம் குறையாது, கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். மத்தியானம் நன்றாக வந்த கேக் இரவு ஏழு மணிக்குச் சொதப்புகிறது என்றால், ஓவனைக் கழற்றாதீர்கள், பிளக்கில் வோல்டேஜைப் பாருங்கள். இரண்டு, கீழ்க்காயிலோ மேல்காயிலோ செத்திருப்பது. மூன்று, கதவு ரப்பர் தொய்ந்திருப்பது, அல்லது பின்சுவர் விசிறி சுற்றாமல் நிற்பது.

இந்த மூன்றுக்கும் ஒரு பொது அடையாளம் உண்டு. ஓவன் *தவிக்கும்*. சூடேறவே ரொம்ப நேரமாகும், காயில் விடாமல் எரியும், ரிலே 'டக்' கேட்கவே கேட்காது. (விசிறி நின்றால் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: ஒரு மூலை கருகி மறு மூலை வெளுத்திருக்கும்.) சென்சார் பக்கக் கோளாறு அப்படி இருக்காது. ஓவன் சீக்கிரமே "180 வந்துடுச்சு" என்று மணியடித்து, நிம்மதியாக ரிலேயை விட்டுவிட்டு, உள்ளே 160-ல் உட்கார்ந்திருக்கும். அக்காவின் ஓவன் அப்படித்தான் மணியடித்தது. அந்த மணியைக் கேட்டபோதே காயில், வோல்டேஜ் இரண்டையும் நான் விட்டுவிட்டேன்.

பிழை எந்தத் திசையில்?

டிஜிட்டல் பேனல் வைத்த அலமாரி வகை ஓவன்களில் பெரும்பாலும் பிளாட்டினம் சென்சார் இருக்கும். பென்சில் துண்டு போன்ற ஸ்டீல் குழாய், பின்சுவரின் மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே மெல்லிய பிளாட்டினம். சூடு ஏற ஏற அதன் மின்தடை ஏறும், அவ்வளவுதான் அதன் வேலை. 0 டிகிரியில் 1000 ஓம் காட்டும் வகைக்கு பி.டி.1000 என்று பெயர், 500 காட்டினால் பி.டி.500. பி.டி.1000-ஐ எடுத்துக்கொண்டால் 25 டிகிரியில் 1097 ஓம், நம் ஊர் 30 டிகிரியில் 1117, 100-ல் 1385, 180-ல் 1685, 200-ல் 1759. டிகிரிக்கு நாலு ஓமுக்குச் சற்றுக் குறைவு. போர்டு இந்த ஓமை அளந்து, "ஓகோ, 1685, அப்ப 180 டிகிரி" என்று ரிலேயை விடுகிறது. அதற்குக் கண் கிடையாது, ஓம் கணக்கு ஒன்றுதான் தெரியும்.

வழியில் எங்காவது கூடுதல் தடை சேர்ந்துகொண்டால், அதாவது கனெக்டரில் துரு, பிடிப்பில்லாத முனை, அறுந்தும் அறாத வயர் என்று ஏதாவது இருந்தால், போர்டுக்கு ஓம் அதிகமாகத் தெரியும். உள்ளே நிஜத்தைவிட அதிகச் சூடு இருப்பதாக நினைத்துச் சீக்கிரம் அணைத்துவிடும். ஓவன் *குறைந்த* சூட்டில் ஓடும். இதற்கு நேர்மாறாக, சென்சாரின் உள்காப்பு கெட்டு ஈரம் இறங்கி, மின்சாரம் குறுக்கே கசிந்தால் ஓம் குறையும். போர்டு "இன்னும் சூடு வரலையே" என்று மேலும் மேலும் எரிக்கும். ஓவன் *கூடுதல்* சூட்டில் ஓடும். வயர் முழுதாக அறுந்தாலோ, இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டாலோ பெரும்பாலான ஓவன்கள் பிழைக்குறி ஒன்றைக் காட்டிவிட்டு எரியவே மறுக்கும்.

சில ஓவன்களில் என்.டி.சி. என்கிற வேறு சாதி சென்சார் இருக்கும். அது தலைகீழ்: சூடேற ஏற ஓம் இறங்கும், குளிர்ந்திருக்கும்போது பல ஆயிரம் அல்லது லட்சம் ஓம் காட்டும். மேலே சொன்ன திசைக் கணக்கையும் அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளவேண்டும். எந்தச் சாதி என்று தெரியாமல் சென்சார் ஆர்டர் போடுவது பெரிய தப்பு. பி.டி.1000 இருந்த இடத்தில் பி.டி.500-ஐச் செருகினால் போர்டுக்குப் பாதி ஓம்தான் தெரியும், பிழைக்குறி காட்டினால் தப்பித்தோம். வடிவமும் திருகு துளையும் ஒத்துப்போகிறது என்பதால் மட்டும் வாங்காதீர்கள்.

200 வைத்து 180 எடுப்பது

அக்கா கேட்ட "அப்படியே ஓட்டிடட்டுமா" என்பதிலிருந்தே தொடங்குகிறேன். செலவே இல்லாத வழி. சில ஓவன்களில் இதற்கென்றே செட்டிங்ஸில் திருத்தம் போடும் இடமும் உண்டு, கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். ஓவன் வாங்கிய நாளிலிருந்தே பத்து டிகிரி குறைவு, எல்லாச் சூட்டிலும் அதே குறைவு, வருஷக்கணக்காக மாறவில்லை என்றால் இதுதான் சரியான வைத்தியம். வேறு எதுவும் செய்யவேண்டாம்.

ஆனால் நேற்று வரை சரியாக இருந்த ஓவன் இன்று திடீரென்று 20 டிகிரி பிசகினால், அந்தப் பிசகு 20-லேயே நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நாளை 40 ஆகலாம், யாராவது அலமாரியில் இடித்தால் மறுபடி 0 ஆகலாம். 0 ஆகும் அன்றைக்கு 200 வைத்துப் பழகிய கை கேக்கைக் கருக்கிவிடும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: ஓவன் கூடுதல் சூட்டில் ஓடுகிறது என்றால் இந்த வழியை நினைத்தே பார்க்காதீர்கள். கசிவு கூடக் கூட அது எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியாது, கடைசியில் தடுக்க இருப்பது, சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கிற தெர்மல் கட்-அவுட் ஒன்றுதான்.

அளந்து பார்ப்பது

இங்கேதான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன். இதற்குத் தேவை ஓம், வோல்டேஜ் எல்லாம் அளக்கிற ஒரு மல்டிமீட்டர், அதுவும் சில நூறு ரூபாய்தான். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கினால் அதுவும் இல்லை.

பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் எட்டாத இடத்தில் இருந்தால் எம்.சி.பி.யை (மீட்டர் பெட்டிப் பக்கம் இருக்கும் ஸ்விட்ச்) இறக்கி, டெஸ்டரால் சரிபாருங்கள். பேனல் அணைந்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். இந்தப் போர்டுகள் பலவற்றில் மின்சாரத்தைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, பிளக் மாட்டியிருக்கும்போது அந்தச் சின்ன சென்சார் வயரைத் தொட்டாலே 230 வோல்ட் ஷாக் அடிக்கலாம். அப்புறம், ஓவனைத் தனியாளாக இழுக்காதீர்கள். 30 கிலோவுக்கு மேல் இருக்கும், கதவைப் பிடித்து இழுத்தால் கதவு கையோடு வரும்.

முந்தின இரவே கதவைத் திறந்து போட்டுவிடுங்கள், உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு ஆகட்டும். காலையில் அறையின் சூட்டைப் பார்த்துக்கொண்டு, பின்னாலிருந்து சென்சார் கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்து இரண்டு முனையிலும் மீட்டரை 2000 ஓம் அளவில் வைத்துத் தொடவேண்டும். திருச்சியில் அன்று அறை 30 டிகிரி. மீட்டர் 1117 காட்டியது. புது சென்சார் சுத்தம். அடுத்து மீட்டரை அதிக ஓம் அளவுக்கு மாற்றி, ஒரு முனையையும் ஸ்டீல் குழாயையும் தொட்டுப் பார்த்தோம். எதுவுமே காட்டக் கூடாது, காட்டவில்லை. அங்கே ஏதாவது எண் வந்தால் உள்காப்பு போய்விட்டது என்று அர்த்தம்.

பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். "சென்சார் நல்லா இருக்கு, அப்ப போர்டுதான்" என்று சர்வீஸ்காரர் சொன்னதும் இதே தர்க்கம்தான். சென்சாருக்கும் போர்டுக்கும் நடுவே ஒன்றரை முழம் வயரும் இரண்டு கனெக்டரும் இருப்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

கனெக்டரை மறுபடி மாட்டிவிட்டு, மேல் தகட்டைக் கழற்றி, வயர் போர்டில் சேரும் இடத்தில் பிடுங்கி, *அந்த* முனையில் அளந்தோம். 1190.

அக்கா எட்டிப் பார்த்து, "என்னடா, கூடிடுச்சு?" என்றாள். சென்சாரில் 1117, போர்டு முனையில் 1190. நடுவில் ஏதோ 73 ஓமைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. டிகிரிக்கு நாலு ஓமுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டால் 73 ஓம் என்பது 19, 20 டிகிரி. போர்டுக்கு 1685 தெரியும்போது சென்சாரில் நிஜமாக இருப்பது 1612. பி.டி.1000 கணக்கில் அது 160 டிகிரி. டயலும் தோசைக்கல்லும் சொன்னது அதைத்தான்.

மீட்டரை வைத்துக்கொண்டே கனெக்டரை லேசாக ஆட்டினேன். எண் 1150, 1210, 1180 என்று குதித்தது. கழற்றிப் பார்த்தால் வயர் பக்கத்துப் பெண்முனை (சென்சாரின் முனை செருகும் வாய்) இரண்டில் ஒன்று கறுத்து, வாய் பிளந்திருந்தது. சென்சாரில் ஓடுவது துளி மின்சாரம், அதனால் கருகாது. பின்பக்கத்துச் சூடும், ஐந்து வருட எண்ணெய்ப் புகையும், மழைக்கால ஈரமும் சேர்ந்து செய்த வேலை. புது சென்சாரின் புது முனையை இந்தப் பிளந்த வாயில்தான் எலக்ட்ரீஷியன் செருகிவிட்டுப் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, சென்சாரை மாற்று என்றார்கள், மாற்றினார்.

சரி செய்ய ஆன செலவு ஒரு டீ, வடை அளவுதான். கறுத்த முனையை வெட்டிவிட்டு, புது முனையை நசுக்கிப் பொருத்தினோம். இங்கே ஒரு எச்சரிக்கை. வெட்டிய வயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி வைக்கிற நம் வீட்டு வழக்கம் ஓவன் முதுகில் எடுபடாது. சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரிக்குத்தான் கணக்கு, டேப் அதற்கும் முன்பே கசிந்து நழுவும். சிலிக்கான் அல்லது கண்ணாடிநார் உறை போட்ட வயர்தான் வேண்டும். சால்டரிங்கும் வேண்டாம், சூட்டில் தளரும். நசுக்கிப் பிடிக்கிற முனையே நல்லது.

சென்சார் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால் அதைக் கழற்றி, ஸ்டீல் நுனியை மட்டும் கொதிக்கிற நீரில் முக்கி 1385-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்க்கலாம். வயர் பக்கம் நனையக் கூடாது. (ஊட்டிக்காரர்கள் 1385-ஐத் தேடவேண்டாம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.) குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டி, சூடேறியதும் துண்டித்துக்கொள்கிற சென்சாரும் உண்டு. ஓவன் இருபது நிமிடம் ஓடிவிட்டுப் பிழைக்குறி காட்டி நிற்கும், ஆறியதும் ஒன்றும் தெரியாதது போல வேலை செய்யும். அதற்கு இந்தக் கொதிநீர்ச் சோதனை கூடப் போதாமல் போகலாம். ஹாட் ஏர் கன் வைத்துச் சூடேற்றிக்கொண்டே மீட்டரைப் பார்ப்பது நல்லது.

ஆக, சென்சாரை மாற்றும் வழி எப்போது சரி? சென்சார் முனையிலேயே எண் தப்பாக வந்தால், குழாயோடு கசிவு இருந்தால், சூட்டில் துண்டித்தால். அந்த மூன்றில் ஒன்று இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், மலிவு, அரை மணி நேர வேலை. மூன்றும் இல்லாமல் மாற்றுவது, தலைவலிக்கு வயிற்று மாத்திரை போடுகிற கதை.

போர்டு

போர்டு மாற்றுவதுதான் செலவு பிடித்த பழுது. அதனால் அதன் மேல் பழி போட ஆதாரம் வேண்டும். நேரடியான ஆதாரம் ஒன்று உண்டு: ஓவனை அணைத்த பிறகும் காயில் எரிந்துகொண்டே இருப்பது. ரிலேயின் உள்முனைகள் பற்றிக்கொண்டு ஒட்டிவிட்டன என்று அர்த்தம். சென்சார் எவ்வளவு கெட்டாலும் அணைத்த ஓவனை எரிக்க முடியாது. இப்படி ஆனால் அந்த நிமிடமே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சரிசெய்யும் வரை மாட்டாதீர்கள். (அணைத்த பிறகு விசிறி ஓடினால் பயப்படவேண்டாம், அது போர்டைக் குளிர்விக்க ஓடுவது, தானே நிற்கும்.)

நேரடியாகத் தெரியாதபோது ஒரு தந்திரம் உண்டு, மின்சார வேலை பழகியவர்களுக்கு மட்டும். சென்சாருக்குப் பதிலாக, ஓம் மாறாத ஒரு ரெசிஸ்டரை (மின்தடைத் துண்டு) வைத்துப் போர்டை ஏமாற்றுவது. சென்னை ரிச்சி தெருவிலோ எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும். 1500 ஓமும் 180 ஓமும் வரிசையாகச் சேர்த்தால் 1680, பி.டி.1000 போர்டுக்கு அது 179 டிகிரி. பிளக்கைப் பிடுங்கி வைத்து மாட்டி, உறை போட்டு, பிறகு மின்சாரம் கொடுத்து, 150 டிகிரி வையுங்கள். காயில் எரியவே கூடாது, ஏனென்றால் போர்டுக்கு ஏற்கெனவே 179. எரிந்தால் போர்டு தப்பாகப் படிக்கிறது. இதையே தலைகீழாக, குறைந்த ஓம் வைத்து அதிகச் சூடு கேட்டுப் பார்க்காதீர்கள். ரெசிஸ்டர் சூடாகப் போவதில்லை, போர்டு என்றைக்கும் "வந்துவிட்டது" என்று சொல்லாது, எரித்துக்கொண்டே இருக்கும்.

போர்டுதான் என்று உறுதியானாலும் புதுப் போர்டு ஒன்றே வழி இல்லை. போவது பெரும்பாலும் ரிலே, அல்லது உப்பிய கெபாசிட்டர், அல்லது விட்டுப்போன சால்டர். இன்வெர்ட்டர் போர்டு பழுது பார்க்கிற கைக்காரர் ஒருவர் தெரிந்தால் அவரிடம் கொடுத்துப் பாருங்கள். என் கணக்கில், உத்தரவாதக் காலம் முடிந்த ஓவனுக்கு முதலில் இதுதான், புதுப் போர்டு அதற்கப்புறம். உத்தரவாதம் இருக்கிற ஓவனில் ஒரு திருகைக் கூடத் தொடாதீர்கள், அவர்களே வந்து பார்க்கட்டும்.

சர்வீஸைக் கூப்பிடுவது தப்பான வழி என்று நான் சொல்லவில்லை. ஓவனை இழுக்க ஆள் இல்லாதவர்களுக்கு, மின்சாரம் என்றால் கை நடுங்குகிறவர்களுக்கு அதுதான் நல்லது. வருபவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "சென்சார் எத்தனை ஓம் காட்டுச்சு? போர்டு பக்கம் எத்தனை?" இரண்டு எண்ணும் சொன்னால் அவர் கேட்கிற காசைத் தயங்காமல் கொடுக்கலாம். மீட்டரை வெளியே எடுக்காமலே போர்டு என்பவரிடம், "யோசிச்சுச் சொல்றேங்க" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

புதிது வாங்குவது

அத்தானின் யோசனையை நான் கேலி செய்தாலும் அதிலும் விஷயம் இருக்கிறது. போர்டே கிடைக்காத பழைய மாடல், உள்பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த அறை, கதவுக் கீல் தொங்குகிறது, இதோடு போர்டும் போய்விட்டது என்றால் பழுது பார்ப்பது வீண். ஒரு பழுதுக்காக வாங்காதீர்கள், மூன்று சேர்ந்தால் வாங்குங்கள். ஓவனைத் தொட்டாலோ போட்டாலோ ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டு அணைக்கிற ஸ்விட்ச்) விழுகிறது என்றால், அது சென்சார் கதை இல்லை. பெரும்பாலும் காயிலின் காப்பு போயிருக்கும், காயில் மாற்றினால் போதும், அதற்கும் புது ஓவன் தேவையில்லை.

மேஜை மேல் வைக்கிற, குமிழ் திருப்புகிற வகை சின்ன ஓ.டி.ஜி. (ஓவன்-டோஸ்டர்-கிரில்) வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அதில் போர்டும் இல்லை, ஓமும் இல்லை. குமிழைத் திருப்பினால் உள்ளே ஒரு தெர்மோஸ்டாட் சூட்டில் விரிந்து, சுருங்கி, மின்சாரத்தை விட்டுப் பிடிக்கிறது. அதில் 20 டிகிரி பிசகு சகஜம். டயல் தெர்மாமீட்டர் போட்டு, குமிழின் மேல் பேனாவால் கோடு கிழித்துக்கொள்வதே போதும். சூடே நிற்காமல் ஏறினால் மட்டும் தெர்மோஸ்டாட்டை மாற்றவேண்டும்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவில் கேக் செய்பவர்களுக்கு ஒரே வரி: சூடு சரியில்லை என்றால் வெளித்தகட்டைக் கழற்றாதீர்கள். அதற்குள் இருக்கும் கெபாசிட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிளக் பிடுங்கிய பிறகும் பிடித்து வைத்திருக்கும். அங்கே அளப்பது, ஆட்டிப் பார்ப்பது எல்லாம் அதற்கென்று பழகியவர் வேலை.

அன்று மத்தியானம் ஓவனைத் திரும்ப உள்ளே தள்ளுவதற்கு முன் போர்டு முனையில் இன்னொரு தரம் அளந்தோம். அறை 31 ஆகியிருந்தது, மீட்டர் 1121. தோசைக்கல்லை வைத்து 180 போட்டோம், 178 வந்தது. அக்கா அலமாரியைத் துழாவி, கழற்றிப் போட்டிருந்த பழைய சென்சாரை எடுத்து வந்து, "இதையும் பாருடா" என்று நீட்டினாள். அதுவும் 1121.

ஆயிரம் ரூபாயை நினைத்து ஒரு நிமிடம் முறைத்துவிட்டு, அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே மார்க்கரால் "நல்லது" என்று எழுதி ஏலக்காய் டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஊறப்போட்ட திராட்சையை வடிகட்டப் போய்விட்டாள்.